இரண்டாவது ஆணி

பென்டில் ஹில்லில் இருந்த அன்ரி வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் இயேசுவின் திரு இருதயப் படம். மற்றதை அடித்தவர் என் அப்பா. அதில் எங்கள் முருகன் படம் தொங்கியது. எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்த எங்களுக்குக் கும்பிட ஒரு கோயிலும் கிடையாது. வாடகை வீட்டுக்காரனோ கற்பூரப் புகையைக் கண்டாலே கத்துவான். எங்களுக்கு முன்னரே வந்து, சொந்த வீடு வாங்கியிருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரான, சின்னவர் பெரியவர் எல்லாரும் அன்ரி என்றே கூப்பிட்ட அவர்தான், "என்ரை வீட்டிலை வைச்சுக் கும்பிடுங்கோ மாஸ்டர்" என்றார். "வெள்ளிக்கிழமையிலை எங்களுக்கும் இறைச்சி இல்லை. உங்களுக்காக மீனையும் விட்டாப் போச்சு, பிறகென்ன?"

சொன்னபடியே செய்தார். வியாழன் இரவே குசினியைக் கழுவிவிடுவார். பூசைக்குச் சர்க்கரைப் பொங்கல் அவர் கையால்தான். நாங்கள் தேவாரம் பாடும்போது செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரக் கதிரையில் அமர்ந்திருப்பார்.

அப்பா ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே பக்டரியில் பெட்டி அடுக்கினாலும் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே மேரிலாந்துக் கதையை எடுத்தார். இங்கிலாந்தில் நிம்மதியாகக் கும்பிட முடியாத கத்தோலிக்கர் அமெரிக்காவுக்குப் போய் அமைத்த குடியேற்றம் அது. மற்றச் சபைக் கிறிஸ்தவர்களும் அங்கே தங்கள் முறைப்படி கும்பிடலாம் என்று சட்டமே போட்டார்கள். பக்கத்துக் குடியேற்றத்தில் நெருக்கடிப்பட்ட வேறு சபையாரைக் கூப்பிட்டுக் காணியும் கொடுத்தார்கள். அப்படி வந்தவர்கள் கை ஓங்கியதும், கத்தோலிக்கருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த கூட்டம்!" என்று அப்பா மேசையில் அடித்தார். "பாவம் அந்தச் சனம்" என்றார் அன்ரி.

பிறகு இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பூசை முடிந்து காருக்குப் போகும்போது முணுமுணுப்புத் தொடங்கியது. மச்சம் மாமிசம் காய்ச்சுகிற குசினியில் பொங்கலா? முருகனுக்குப் பக்கத்தில் அந்தப் படமா? அப்பா முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு தலையாட்டினார். கடைசியில், பூசையை வேறு வீட்டுக்கு மாற்றுவதென்றும் அன்ரியைக் கூப்பிடுவதில்லை என்றும் முடிவானபோது, படத்தை எடுத்துவரப் போனவரும் அவர்தான். என்னையும் கூட்டிப் போனார். தனியாகப் போக முகம் இல்லை, வேறென்ன!

அன்ரி படத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, துவாயில் சுற்றி என் கையில் தந்தார். "நான் பொங்கல் செய்யேல்லை, மாஸ்டர். சும்மா கதவடியிலை இருந்து கேக்கட்டே?" என்றார். அப்பா குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆக்கள் ஒரு மாதிரி, அன்ரி" என்றார். அன்ரி கோபமே இல்லாமல் கேட்டார்: "நீங்கள் சொன்ன அந்த மேரிலாந்துக் கதை, மாஸ்டர், இதுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம் இன்றைக்கும் போகவில்லை. இப்போது எங்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடமில்லை. மேடையில் யாராவது "எம்மதமும் சம்மதம்" என்று தொடங்கினால் நான் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவேன்.

அன்ரி போன மாதம் காலமானார். தடியூன்றி நடக்கும் அப்பாவை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஆணி மட்டும் வெறுமனே நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட அன்ரியின் மகள் சொன்னார்: "பெயின்ற் அடிக்கேக்கை கழட்டுவம் எண்டனான். அம்மா விடேல்லை. மாஸ்டர் ஒருநாள் படத்தைக் கொண்டு வருவார், இருக்கட்டும் எண்டவ."

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவர் காதருகே குனிந்து, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.