ஒரு விசில் வந்தது, இன்னொன்று வரவில்லை

நேற்று எங்கள் ஃபேக்டரி மேடையில் என் அப்பா ஆடினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது!

முதுமையை அழுமூஞ்சியாகக் காட்டாமல் ஆட்டமும் நாடகமுமாகக் காட்டுகிற குறும்படத்துக்காக. இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் லைன் சூப்பர்வைசர் செல்வம்தான் டைரக்டர். தாத்தா வேஷம் அப்பா, பாட்டி வேஷம் அம்மா. கேமரா நான். (வாடகை ஹேண்டிகேம்!)

அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். போன வருஷம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மெதுவாக ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான்தான் விடாமல் கேட்டேன்.

"நெஞ்சு கிஞ்சு வலிச்சா இன்னாப்பா பண்ணுவ?"

"விசில் கீதேடா! ஒரு சுத்து ஆடி முடிச்சதும் ரெண்டு விசில் குடுத்தா, ரைட், போலாம். ஒண்ணோட நின்னா, வண்டிய நிறுத்திடு."

முதல் சுற்று. இரண்டு விசில். மூச்சு விட்டேன்.

இரண்டாவது சுற்று. இரண்டு விசில். ஷிப்ட் முடிந்து வந்த பசங்க கைதட்டினார்கள்.

மூன்றாவது சுற்றில் ஒரு விசில் வந்தது.

காத்திருந்தேன். இன்னொன்று வரவே இல்லை!

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"செம ஆக்டிங்! கட் பண்ணாத மச்சி!" என்று கத்துகிறான் செல்வம்.

"அப்பா!"

கேமராவைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அம்மா முந்தானையை விரித்து அப்பா முகத்தை மூடிவிட்டாள்.

முகத்தை எதற்கு மூடுகிறாள்? அம்மா என்னை அதட்டினாள்.

"கத்தாதடா! விசிலடிச்சதுல உங்கப்பா பல்லு செட்டு கயண்டுகினு வந்துடுச்சு. பொக்க வாயி படத்துல தெரியக் கூடாதுன்னு மறைச்சுகினு கீறேன்!"

முந்தானைக்குள்ளிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். (ஆமாம், மொத்த ஷிப்ட்டும் பார்த்தது!)

இன்று வீட்டில் டேப்பைப் போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. சாய்ந்து கிடக்கும் கேமராவில் வெறும் தரை. "அப்பா!" என்று என் அலறல் மட்டும்.

அப்பா ரீவைண்டு பண்ணி இன்னொரு தடவை கேட்டார். சிரிக்கவில்லை.

"இவ்ளோ பயமாடா உனக்கு? நான் நல்லாத்தானே கீறேன்? நீ எப்டிகீற?"

விசில் அடித்தேன்.

ஒன்றுதான் வந்தது.