மீன் அங்கிள் வீட்டுக் கூட்டம்

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. இடம், பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில் இருக்கும் என் வீட்டு மொட்டை மாடி.

நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க "சொந்த வீடு, சொந்த வீடு" என்று என்னை நச்சரித்துக் கட்ட வைத்த என் மனைவி, அந்த வீட்டில் சில கோடைகளே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பெங்களூரில் இருக்கிறாள். இப்போது வீட்டில் நானும் ஒரு பல்லியும்தான். பல்லி என்னைவிடக் குறைவாகப் பேசும் என்பதால் எங்களுக்குள் சண்டை இல்லை.

எங்கள் லுத்தரன் சபையில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பாடகர் குழுவில் பாஸ் குரல், அதாவது அடித்தொண்டையில் உறுமுகிற வேலை. இரண்டாவது, கோமாளி வேலை. இதற்கு யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. மே மாதம் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். ஒரு வருடம் அதில் யோனா நாடகம் போட்டார்கள். யோனாவை விழுங்கும் பெரிய மீன் நான். நீலத் தார்ப்பாய்க்குள் என்னைச் சுற்றி, வாய்க்கு இரண்டு முறம் கட்டிவிட்டார்கள். அந்த வெயிலில் தார்ப்பாய்க்குள் நான் பாதி வெந்துபோனேன். யோனாவாக நடித்த பொடியன் உள்ளே வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அங்கிள், வேர்வை நாத்தம்" என்று சொல்லி, வேதத்தில் மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்த கணக்கையெல்லாம் பார்க்காமல் தானே கரையேறிவிட்டான். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் மீன் அங்கிள்.

எங்கள் சபையில் கோடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் பாதிக் குடும்பங்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். மிச்சம் இருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். ஒரு ஞானப்பாட்டு, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், ஐயரின் சின்னச் செய்தி, அப்புறம் வாய்க்கு ஏதாவது. (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) யார் வீடு என்பதை எழுதியெல்லாம் வைக்க மாட்டோம். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் ஐயர் கேட்பார், யாராவது கை தூக்குவார்கள், அவ்வளவுதான்.

மனைவி இருந்தவரை, கோடையின் முதல் கூட்டம் எங்கள் வீட்டில்தான். அவள் இறந்த வருடம் ஐயர் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். அவள் இல்லாத மாடியில் மற்றவர்கள் உட்கார்ந்து பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல், "ஐயா, என் வீட்ல டம்ளரே ரெண்டுதான். ஒண்ணுல என் பல்செட்டு ஊறிட்டு இருக்கு" என்றேன். கோயிலே சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த வருடம் வேறொரு ஜோக். அதற்கு அடுத்த வருடம் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. கதவைச் சாத்தினேன் என்று எவருக்கும் தெரியாதபடி சாத்தியிருந்தேன். நம்ம சாமர்த்தியம்!

போன வருடம்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்திவைத்து ஜோக் மேல் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் ஒரு காலை வண்டியில் வைத்துக்கொண்டே சிரித்தார். அவர் போன பிறகு அடுப்பைப் பார்த்தேன். தேவையே இல்லாமல் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பேச ஆள் வருவதற்காகக் கேஸைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டிருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். "நம்ம வீட்ல வச்சுக்கலாங்கய்யா! சமோசா உண்டு, நன்னாரி சர்பத் உண்டு. டம்ளர்கூட மூணாயிடுச்சு!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்துக்கொண்டே, "சரி சரி, உக்காருங்க" என்றார். அந்த இரண்டு 'சரி'யையும் நான் உத்தரவாக எடுத்துக்கொண்டு, ஆராதனை முடிந்த கையோடு சமோசா சொல்லக் கிளம்பிவிட்டேன். சபை வாட்ஸ்அப் குழுவிலும், 'சனிக்கிழமை ஆறு மணிக்கு மீன் வீட்டில் கூட்டம். வராதவர்கள் விழுங்கப்படுவார்கள்' என்று போட்டேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாரும் வருகிறார்கள் என்று நான் பூரித்துப் போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாடகைச் சாமான் கடைக்காரர் குட்டியானை என்கிற சின்ன லாரியில் முப்பது நாற்காலிகளோடு வந்து இறங்கினார். கூட அவர் மனைவி. இருவரும் சேர்ந்தே தொழில் செய்கிறவர்கள்.

"இன்னா சார் விசேசம், காதுகுத்தா?"

"இந்த வயசுல யார் எனக்குக் காது குத்துவா? ஜெபக்கூட்டம்ப்பா."

"துன்றதுக்கு இன்னா?"

"சமோசா."

"அப்ப எங்களுக்கு ரெண்டு எட்த்து வையி சார். ஏழரைக்கு வந்து நாக்காலிலாம் தூக்கிப்பேன். வேலப்பன்சாவடில ஒரு ரிசப்சனு கீது, அங்க குடுக்கணும்."

மாடியைக் கழுவிவிட்டேன். ட்யூப் லைட் கட்டினேன். சர்பத்தில் ஐஸ் போட்டேன். ஆறு மணி ஆனது. ஆறரையும் ஆனது. எங்கள் சபைக்காரர்கள் நேரத்துக்கு வந்து எந்தக் காலத்தில் பார்த்திருக்கிறேன் என்று தைரியமாக இருந்தேன். சும்மா இருக்க முடியாமல், ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தேன். இது பாடகர் குழுத் தலைவருக்கு என்று உட்கார்ந்து, அவரைப்போலவே தொண்டையைச் செருமினேன். இது எங்கள் சபையின் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கு என்று உட்கார்ந்து, அவரைப்போலவே பின்னால் திரும்பி யாரையோ முறைத்தேன். ஐயர் நாற்காலியில் உட்கார்ந்து, பேசுவதற்கு முன் அவர் செய்வதுபோல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா, ஒரு கிழவன் ஆளில்லாத நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து முகத்தைக் கோணிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, காயாத துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஏழு மணி வாக்கில் போன் கிணுகிணுத்தது. சபைக் குழுவில் ஒரு படம். மண்ணூர்பேட்டையில் ஒரு வீட்டு மாடி. ஐயர், பாடகர் குழுத் தலைவர், தலைமையாசிரியை அம்மா, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். 'இன்றைய வீட்டுக் கூட்டம்' என்று கீழே எழுதியிருந்தது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. என் பழைய செய்திக்குப் போய் மஞ்சள் முகங்களை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. ஒருவர்கூட 'வருகிறேன்' என்று எழுதவில்லை. சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டம்ளர் இல்லாத வீட்டில் கூட்டம் என்று மீன் அங்கிள் சொன்னால் அது ஜோக்காகத்தானே இருக்க முடியும்? நான் சமோசா சொல்ல ஓடியபோது, கோயில் வாசலில் நின்று மண்ணூர்பேட்டை வீட்டை வாயால் பேசி முடித்திருக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது? கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் "நான் நிஜமாகத்தான் கூப்பிட்டேன்" என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டத் தொடங்கிய மாடியில் யோனாவின் மீனைத்தான் நினைத்துக்கொண்டேன். அதற்காவது மூன்று நாள் வயிற்றுக்குள் ஒரு துணை இருந்தது.

ஏழரைக்குக் குட்டியானை வந்துவிட்டது. கடைக்காரர் மேலே ஏறி வந்து சுற்றிப் பார்த்தார்.

"கூட்டம் முடிஞ்சிதா சார்?"

"இப்பதான் எல்லாரும் கிளம்பினாங்க. செம கூட்டம்" என்றேன் கூசாமல்.

அவர் சமோசாத் தட்டைப் பார்த்தார். கோபுரம் கலையாமல் இருந்தது. பிரிக்காத காகிதக் கப்புகளைப் பார்த்தார். மாடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "இந்தாம்மே, மேல வா. சார் சமோசா வச்சினு கீறாரு" என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி வந்து முன்வரிசையில் சட்டமாக உட்கார்ந்தார். இவரும் உட்கார்ந்தார். நான் சர்பத் ஊற்றிக் கொடுத்தேன். அவருடைய போன் அடித்தது. வாய் நிறைய சமோசாவோடு, "வந்துகினே கீறேன் மாமே, ரோட்ல டிராபிக்கு" என்று சொல்லிவிட்டு அணைத்தார். நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

"உங்க கூட்டத்துல பாட்டுலாம் பாடுவாங்களே சார்," என்றார் அந்த அம்மா. "ஒண்ணு பாடேன். கேட்டுகினே துன்றோம்."

எனக்கும் எதையாவது செய்ய வேண்டும்போல இருந்தது. எழுந்து நின்று, என் மனைவிக்குப் பிடித்த ஞானப்பாட்டை ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பாஸ் மட்டும்தான் வருகிறது. எங்கள் ஞானப்பாட்டுகளை நான்கு குரலில் பாடுவோம். மேலே ராகம் போகும், கீழே பாஸ் தாங்கிப் பிடிக்கும். அவள் இருந்தவரை ராகம் அவள் பாடினாள், நான் கீழே உறுமினேன். ராகம் இல்லாத பாஸை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமல் இருப்பதே நல்லது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்னா சார் இது, பாடச் சொன்னா ஜெனரேட்டரு ஓட்டற?" என்றார்.

நான் சிரித்தேன். உண்மையிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். எங்கேயோ பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது.

"மேல இருக்கற பாட்ட என் வீட்டுக்காரம்மாதான் பாடுவாங்க" என்றேன். "அவங்க இல்ல. இன்னிக்கு யாரும் வரவும் இல்ல."

"தெர்யும் சார்" என்றார் கடைக்காரர் மெதுவாக. "தட்டுல ஒண்ணுகூடக் கொறயலியே."

நடந்ததைச் சொன்னேன். டம்ளர் ஜோக், மஞ்சள் முகம், மண்ணூர்பேட்டை, எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நீ சிரிச்சிகினே கூப்ட்டா, அவங்களும் சிரிச்சிட்டுப் பூடுவாங்க சார். கூப்புடறப்ப சிரிக்காம கூப்புடு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இருவரும் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மிச்சச் சமோசாவை ரிசப்சனில் வேலை செய்கிறவர்களுக்கு என்று கட்டிக் கொடுத்தேன். ஒரே ஒரு நாற்காலியை மட்டும் மாடியிலேயே விட்டுவிட்டார் அவர். "அப்பால வந்து எட்த்துக்கறேன் சார்" என்றார். மறந்து விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு, ஐயர் "இந்த வாரம் யார் வீட்டில்?" என்று கேட்டார். எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு வரிசை சிரிக்கத் தயாராகிவிட்டது. "என் வீட்டுக்கு வாங்க" என்றேன். சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. "நேத்துக் கூட்டத்துக்கும் நிஜமாத்தான் கூப்பிட்டேன். நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருந்தேன். வீட்ல தனியா இருக்க முடியல" என்றேன். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தார்கள். பாதிச் சபை ஊரில் இல்லை, அதனால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை அம்மா தன் வீட்டு டம்ளர்களைப் பையில் போட்டு எடுத்துவந்து அடுக்கினார். அந்த ஞானப்பாட்டின் ராகத்தையும் அவர்தான் பாடினார். என் மனைவியின் குரல் மாதிரி இல்லை, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. ஆனாலும் என் உறுமலுக்கு மேலே உட்கார ஏதோ ஒன்று இருந்தது. கடைசி வரிசையில் கடைக்காரரும் அவர் மனைவியும். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இப்போது பரவாயில்லை என்பதுபோல.

எல்லாரும் போன பிறகு வீடு மறுபடி வெறிச்சென்றுதான் ஆனது. ஒரு சாயங்காலக் கூட்டத்தில் அதெல்லாம் தீர்ந்துவிடாது. இன்றும் தனியாக இருக்கும்போது பாடிப் பார்க்கிறேன், ஜெனரேட்டர்தான் ஓடுகிறது, பல்லி பொறுத்துக்கொள்கிறது. ஆனால் யாரையாவது உண்மையாகவே கூப்பிட வேண்டியிருந்தால், முகத்தில் இருக்கும் சிரிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.