தவமணி நடக்கும் ஏரிக்கரை

தவமணிக்கு வாய் நீளம். முல்லைத்தீவிலிருந்து படகில் வந்திறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அகதி முகாம்காரர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தபோது, குழாயடியில் அவள் சண்டை போடாத ஆள் பாக்கியில்லை. ஆனால் விடிந்தால் அதே பெண்கள்தான் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏரிக்கரையில் கதைத்துக்கொண்டே நடந்து, திரும்பி வந்து யார் வீட்டிலாவது சீனி போடாத பிளேன்டீ குடிப்பார்கள். தனிக்கட்டையான தவமணி அந்த நேரத்துக்காகவே உயிரோடு இருந்தாள் என்றாலும் தப்பில்லை.

ஜெகதீசனுக்கு இது வயிற்றெரிச்சல். கரையை ஒட்டி அவன் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை.

"நாங்க மாடு கட்டின எடத்துல வூடு கட்டிக்கினீங்க. இப்போ கரையும் உங்களுதா? ரோட்டு மேல போங்கம்மா!"

"ரோட்டில லொறி அடிச்சா நீங்களோ பாப்பீங்கள்?" என்றாள் தவமணி.

மறுநாள் கரையில் கருவேல முள் கிடந்தது. எங்கே? மாரியம்மன் கோயில் முன்னால், எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிற அந்த இடத்தில். படுபாவி, எவ்வளவு கணக்காகப் பார்த்துப் போட்டிருக்கிறான் பாருங்கள்!

வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மற்ற இடத்திலெல்லாம் தவமணி கேட்டாள்; சாமி முன்னால் மட்டும் மனம் வரவில்லை. மற்றவர்கள் முள் தைத்ததும் அலறி ஒதுங்கினார்கள். முன்னால் போன தவமணிக்கு வலியே தெரியவில்லை. சர்க்கரையில் பாதம் எப்போதோ மரத்துப்போயிருந்தது. "அக்கா, ரத்தம்!" என்று பக்கத்து வீட்டுச் செல்வராணி கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

புண் ஆறவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். பயத்தில் மற்றப் பெண்கள் நடப்பதையே விட்டுவிட்டார்கள். வாசலில் ஒருத்தியும் வந்து நிற்கவில்லை. செல்வராணி மட்டும் வந்து பார்ப்பாள்.

"வேண்டாமக்கா, ஊர்ச்சனத்தோட எங்களுக்கு ஏன் கொழுவல்?"

"நடக்காட்டி மிச்சக் காலையும் எடுப்பாங்கள். அப்ப நீயோ என்னைத் தூக்கிக்கொண்டு திரிவாய்?"

புண் காய்ந்ததும் தவமணி கிளம்பிவிட்டாள். செல்வராணி முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். கோயில் வந்ததும் செல்வராணி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினாள். தவமணி கழற்றவில்லை. கும்பிட்டபடி செருப்போடே நடந்தாள்.

கொல்லையிலிருந்து ஜெகதீசன் ஓடிவந்தான். "அய்யய்யோ! சாமி எதிர்ல செருப்போட போறியே, இன்னா திமிரு உனக்கு! அகதிப் புத்தி!"

தவமணி நின்று திரும்பினாள்.

"இதே அம்மாளுக்கு முன்னாலதானே நீ முள்ளுப் போட்டனி? உன்னை ஒண்டும் கேக்காதவ என்னை மட்டும் கேப்பாவோ?"

அவன் வாய்க்கு வந்தபடி ஏசினான். அவள் பாட்டுக்கு நடந்தாள். பின்னால் நின்ற செல்வராணி கோயிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள்.