கிட்டாரைத் தட்டிப் பார்த்த மாலை

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் என் அண்ணன் கிளாக்கராக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயிற்சி முடித்து, அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன்.

அந்தத் தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற சாமான்களில் ஒரு கிட்டாரை அண்ணன் எனக்கு வாங்கித் தந்தார். சும்மாவும் வாசிக்கலாம், வயரைச் செருகினால் ஒலிபெருக்கியிலும் கேட்கும். வீட்டில் ஒலிபெருக்கி ஏது? அதனால் அதன் பாதிக் குணம் எனக்குத் தெரியாமலே இருந்தது.

மாதாகோயில் திருநாளுக்கு முந்திய மாலை வாய்ப்பு வந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஹட்டன் கடைக்கார முஸ்லிம் நானா, கோயில் கூரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்த்துக் குழாயைக் கட்டி, தொழிற்சாலையிலிருந்து மின்சாரமும் இழுத்திருந்தார்.

"கம்பியும் இருக்கு, வயரும் இருக்கு. இது பாடுமா, ஷாக் அடிக்குமா தங்கச்சி?" என்றார் என் கிட்டாரைப் பார்த்து.

சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் சுருதி, பிறகு சத்தத்தைக் கூட்டும் குமிழ், பிறகு வயர் செருகும் இடம் என்று வரிசையாகச் சரிபார்த்தேன். கை பட்டால் எந்த இடம் அதிகம் இரையும் என்று அறிய, கடைசியில் பலகையை விரலால் தட்டினேன். தும், தும் என்று குழாய் முழங்கியது. உற்சாகமாகி, இடம் மாற்றி மாற்றித் தட்டினேன்.

தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடிப்பார்கள். வேறு நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். இது எனக்கும் தெரியும். அப்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

லயத்துப் பக்கமிருந்து அலறல் கேட்டது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தலைவிரி கோலமாக, மார்பில் அடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடிவந்தாள். அவள் கணவர் ஆஸ்பத்திரியில் மோசமான நிலையில் கிடந்தார்.

"அவரு போயிட்டாரா? யாரு சேதி கொண்டாந்தது?"

"ஒண்ணுமில்லக்கா, நான்தான் கிட்டாரைத் தட்டினேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "எங்கிட்ட மறைக்கிறீங்க! எல்லாரும் சேந்து மறைக்கிறீங்க!" என்று தரையில் விழுந்தாள். நானா சொல்லியும் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் அவள் கண்ணெதிரிலேயே அந்தப் பலகையை மறுபடி தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகுதான் என் விரலையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடி பாவி மகளே, உசிரோட இருக்கிற மனுசனுக்கு என்னைத் தாலியறுக்க வச்சிட்டியே!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த நொடி நான் யார் வீட்டுப் பெண் என்பது நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தெரியாமப் பேசிட்டேங்க. கிளாக்கரய்யாகிட்ட சொல்லிராதீங்கம்மா" என்று கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடுதான் என்னைக் கூனிக் குறுகச் செய்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவசரமாகக் கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

அவள் கணவர் பிழைத்துத் திரும்பினார். நான் போய் மன்னிப்புக் கேட்டபோதும் அவள் எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள். வரிசை தவறாமல் எல்லாவற்றையும் சரிபார்த்த நான், அந்தச் சத்தம் யார் வீட்டுக்குள் போய் விழும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.