கறை எடுக்கிற சென்ட்

கோவை மாலில் விற்பனைப் பெண் அட்டையில் அடித்து நீட்டிய ரோஜா சென்ட், என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குள் கொண்டுபோய் விட்டது. அப்பாவின் சாயப்பட்டறைச் சட்டையும் என் பள்ளிச் சட்டையும் அங்கே ஒரே கொடியில்தான் தொங்கும்; அவர் சட்டைச் சாயம் என் காலரிலும் கறையாக ஒட்டியிருக்கும்.

பனியன் கம்பெனியில் துணியில் கறை, ஓட்டை பார்க்கிற செக்கிங் வேலையில் இருந்த அம்மாவுக்கு, ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி இதே சென்ட்டைக் கொடுத்திருந்தாள். அம்மாவோ தினமும் அதை என் காலரில் அடித்து, "கறை எடுக்கற ஸ்பிரே, கண்ணு" என்பாள். கறை போகாது, வாசம்தான் சாயங்காலம் வரை நிற்கும். கம்பெனியில் துணிக்கறைக்கு அடிக்கிற ஸ்பிரே என்றே அம்மா நம்பிவிட்டாள் என்று எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

இன்றும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மா அட்டையை வாங்கி முகர்ந்தாள்.

"சென்ட்டுன்னு தெரியும் கண்ணு. சாய நாத்தம்னு உன்ற பக்கத்துல யாரும் உக்காரலைன்னு அழுதியே, அது உங்கப்பன் காதுல விழுகக்கூடாதுன்னுதான் கறைன்னு சொல்லி வெச்சேன்."