செய்தி மடலில் குணமான ஊர்

சமூகத் தொண்டு என்பது ஊருக்குள் போய்ச் செய்வது என்ற தவறான நம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவலாக இருக்கிறது. வருத்தத்தோடு திருத்துகிறேன். அது ஊரிலிருந்து திரும்பி வந்து, கைகால் கழுவி, மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுவது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகத் தொண்டுப் பள்ளியில், மாதச் செய்தி மடலுக்குப் பொறுப்பாளனாக மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். நீங்களும் எப்போதாவது மேலதிகாரிக்கு அறிக்கை எழுதியவர் என்றால் நாம் ஒரே சிறையில் இருந்தவர்கள். மேலே படியுங்கள்.

எங்கள் களப்பணி முகாம் சின்னமனூரில் இருந்தது. அங்கிருந்து மூன்று மைல் நடந்தால் ஓடைக்கரைப்பட்டி. அதை நாங்கள் தத்து எடுத்திருந்தோம். ஊருக்கு அது தெரியாது.

அறுபத்து நான்கு கேள்விகள்

எங்கள் முதல்வர் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தயாரித்திருந்தார். ஆய கலைகளை மனத்தில் வைத்து அல்ல. தாளில் அவ்வளவுதான் இடம் இருந்தது. நடவு சமயத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஊர் குளிர்காய்ச்சலில் நடுங்கும். அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. முப்பத்தேழாவது கேள்வி, 'ஓய்வு நேரத்தை எவ்வாறு பயனுள்ள முறையில் கழிக்கிறீர்கள்?' என்பது.

அதை ஓடைக்கரைப்பட்டியில் வீரம்மாளிடம் கேட்டேன். உள்ளே அவள் புருஷன் கருப்பையா இரண்டு கம்பளிக்கும் ஒரு சாக்குக்கும் அடியில் கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அவள் யோசிக்கவே இல்லை.

“ஒருநா விட்டு ஒருநா இவுக நடுங்குவாக, நான் மேல உக்காந்து அமுக்குவேன். அதாங்கய்யா எங்க ஓய்வு நேரம். கொய்னா மாத்திரை இருந்தாக் குடுங்க, வேற சோலி பாக்குறோம்.”

மூடிய பள்ளம்

நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அவள் பதிலை நான் சுகாதார அதிகாரிக்கு எழுதினேன். யுத்தத்தில் கப்பல் நின்று, மலேரியாவுக்கான கொய்னா கிடைக்காத நாளிலும், வியாழன்தோறும் ஊருக்கு மாத்திரை அனுப்ப அவர் ஒத்துக்கொண்டார். கொண்டுவந்த கம்பவுண்டர், கருப்பையா ஆறு வாரம் விடாமல் விழுங்கினால் எழுந்து வயலுக்குப் போவார், நடுவில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கொசு வளராமல் தேங்கிய பள்ளங்களை மூடவும் சொன்னார். ஊர்க்காரர்கள் ஒரே நாளில் மூடினார்கள்.

அதுதான் தவறு. மறுநாள் தேனியிலிருந்து போட்டோக்காரர் வந்தார். மாணவர்கள் பள்ளம் மூடும் காட்சி மடலின் முதல் பக்கத்துக்கு வேண்டும். மூட ஒரு பள்ளமும் மிச்சமில்லை. முதல்வர் சற்று யோசித்து, பெரிய பள்ளத்தை மறுபடி தோண்டச் சொன்னார். தோண்டினார்கள். மாணவர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். போட்டோக்காரரிடம் ஒரு படத்துக்குத்தான் பிலிம் இருந்தது. எடுத்ததும் எல்லாரும் பஸ்ஸுக்குப் புறப்பட்டோம். அன்று மாலை மழை. தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஊர் நாட்டாமை கேட்டாராம்:

“ஏலே, வந்தாக, நின்னாக, படம் புடிச்சாக, போயிட்டாக. குழிய மட்டும் எதுக்குடா விட்டுட்டுப் போனாக?”

வாத்தியார் வாசித்தது

அச்சகம் மாதக் கடைசிக்குப் பத்து நாள் முன்பே எழுத்துப் பிரதியைக் கேட்கும். ஆகவே மாதக் கடைசியில் நடக்கப்போகும் சாதனைகளை நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். சாதனைகளும் பெரும்பாலும் என்னை அனுசரித்துப் போயின. நடக்காத கூட்டத்தை யாரும் தேடி வருவதில்லை. அந்த மாதமும் பழக்க தோஷத்தில், 'ஓடைக்கரைப்பட்டியில் காய்ச்சல் அறவே ஒழிந்தது' என்று எழுதினேன். மாத்திரை கொடுக்கத் தொடங்கி அப்போது மூன்று வாரம்.

மடல் வந்ததும், பக்கத்துக் கிறிஸ்தவ ஊரிலிருந்து வந்து பாடம் நடத்தும் சவரிமுத்து வாத்தியார் அதை வீரம்மாள் வீட்டு வாசலில் நின்று உரக்க வாசித்தார். கேட்க ஊரே கூடியிருந்தது. நானும் எழுதியவன் என்ற பெருமையோடு நின்றேன். கருப்பையாவுக்கு அன்று நடுக்கம் வரும் நாள். முன்னைப்போல் கட்டில் ஆடவில்லை. கம்பளி மட்டும் ஆடியது. வீரம்மாள் வாசித்தது முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“இந்தாங்க, ஒங்களுக்குக் காய்ச்சல் ஒழிஞ்சிருச்சாம். ஐயா அச்சடிச்சே கொண்டாந்துட்டாக. எந்திரிச்சு வாங்க, நாத்துப் புடுங்கணும்.”

பாராட்டுக் கடிதம்

எங்கள் மடலை யாரும் படிப்பதில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். சுகாதார அதிகாரி படித்துவிட்டார். மனமாரப் பாராட்டி எழுதியிருந்தார். காய்ச்சல் ஒழிந்த ஊருக்கு இனி மாத்திரை தேவைப்படாதாகையால், அதைக் காய்ச்சல் இன்னும் ஒழியாத வருசநாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டதாகவும் கடைசி வரியில் கண்டிருந்தது. ஆக, அந்த வியாழக்கிழமை கம்பவுண்டர் வரவில்லை. கருப்பையாவுக்கு இரண்டு வாரத்து மாத்திரை பாக்கி.

முதல்வரிடம் ஓடினேன். செய்தி என் தவறு, ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்றேன். அவர் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“திருத்தம் போடுவது பத்திரிகைக்காரர்கள் வழக்கம், மிஸ்டர். நாம் கல்வி நிறுவனம். இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் போடுங்கள்.”

நானே அதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அச்சில் வந்திருக்கும்போது கையெழுத்தை நம்புவதற்கில்லை என்று பதில் வந்தது.

வீரம்மாளின் யோசனை

ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். கட்டில் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு கையால் கருப்பையா மேல் கம்பளியை இழுத்துப் போர்த்தியபடியே கேட்டாள்.

“அப்ப மாத்திர இப்ப வருசநாட்டுலயா இருக்கு?”

“ஆமாம்மா.”

“நீங்க எழுதுனதப் பாத்துத்தான் அங்கன கொண்டு போனாகளா?”

“ஆமாம்மா.”

“வருசநாட்டப் பத்தி இன்னும் ஒண்ணும் எழுதலையேய்யா?”

இல்லை என்றேன்.

“எழுதுங்க. நல்லா எழுதுங்க.”

அடுத்த மாத மடலில், மூன்றாம் பக்கத்தில், வருசநாட்டில் காய்ச்சல் அறவே ஒழிந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை கம்பவுண்டர் ஓடைக்கரைப்பட்டிக்கு வந்தார், வருசநாட்டுக்குப் போகவில்லை.