வலப்பக்கம், பெருசு

படகில் எல்லோரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் புரை விழுந்த பிறகும் அந்தப் பெயர் விழவில்லை. திமிங்கலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் படகு அது. மேல்தட்டில் நின்று திமிங்கலத்தை முதலில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்; சொல்வதை மட்டும் விடவில்லை. கடற்பறவை கத்தினால் அங்கே மீன், மீன் இருந்தால் பின்னாலேயே திமிங்கலம் என்று காதை வைத்துக் கண்ணின் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். படகோட்டி அவர் மனைவியின் தம்பி. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தான். அத்தானுக்கு வேலை போனால் அக்காள் தன் வீட்டுக்குத்தான் வந்து நிற்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அன்று பறவைகள் கூட்டமாகக் கத்தின. கழுகுக்கு நீரில் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது.

“மாப்ள, வலப்பக்கம்! பெருசு!”

திமிங்கலத்துக்கு அந்தப் படகில் ஒரு மரியாதை உண்டு. எட்ட நின்று இன்ஜினை அணைக்க வேண்டும். ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அணைத்தார்கள். பயணிகள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சடக்கி நின்றார்கள். முதுகு அசையவே இல்லை.

“தூங்குது போல” என்று கிசுகிசுத்தார் கழுகு.

கம்பியோரம் நின்ற ஒரு பெண், “திமிங்கலத்துக்கு யாருங்க தலைகீழா நம்பர் எழுதினது?” என்றாள்.

சிலர் சிரித்தார்கள். படகோட்டி சிரிக்காமல் இன்ஜினை முடுக்கினான்.

கவிழ்ந்த மீன்பிடிப் படகு. மறுபக்கத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கழுகும் கீழே இறங்கி வந்து கைகொடுத்தார். மேலே இழுத்துப் போட்டதும் பல் கிட்டிக்கச் சொன்னான்.

“உங்க இன்ஜின் சத்தம் கேட்டு அண்ணன் ‘வந்துட்டாங்கடா’ன்னான். கத்துறதுக்குத் தொண்டை இல்லீங்க ரெண்டு பேருக்கும். சட்டுனு சத்தம் நின்னுபோச்சு. போயிட்டாங்கன்னு நெனச்சுக் கைய விட்டுட்டான்.”

“அத்தான், மேல ஏறி எங்கயாவது ஆள் தெரியுதான்னு பாருங்க” என்றான் படகோட்டி, பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கழுகு பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

“நீங்க ஏறுங்கம்மா. எனக்குக் கண்ணு தெரியாது. ரொம்ப நாளாவே.”

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அவர் கீழே உட்கார்ந்து, பிழைத்தவனின் தலையைத் துண்டால் துவட்டினார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அந்த முகம். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.